நாகபூஷணத்தின் பத்தியம்

1957-இல் எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்று பெரியவர்கள் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வார்த்தைகளுக்கு நடுவே கோடு போட மட்டும் யாருக்கும் நேரமில்லை. யூனிஸ் செய்த தவறு அதனால் வந்ததுதான்.

அரக்கோணத்திலிருந்து வந்து, திருப்பதியில் சித்தப்பாவின் மருந்துக் கடையில் கம்பவுண்டராக அப்போதுதான் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் ரத்தினம்மா என்ற பெண் அவசரமாக வந்தாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு ஒள்ளு ஜாஸ்தி ஆயிப்போச்சும்மா. வேலைக்கே ஆபத்து. மருந்து குடு."

ஒல்லி ஜாஸ்தி! எலும்பும் தோலுமான ஒரு மனிதர் யூனிஸின் மனத்தில் இருமினார். நல்ல கெட்டியான மால்ட் டானிக்கை எடுத்துக் கொடுத்தாள். "பாலில் கலந்து ரெண்டு வேளை குடிக்கச் சொல்லுங்கக்கா."

இரண்டு வாரம் கழித்து கடை இருட்டியது. வாசலை அடைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து ரத்தினம்மாவின் குரல் மட்டும் வந்தது. "இவருதாம்மா எங்க ஊட்டுக்காரரு, நாகபூஷணம். மலை பஸ் ஓட்றாரு."

"மருந்துன்னா இதான் மருந்து! அல்வா மாதிரி கீது" என்றார் அவர். "ஆனா சட்டையில மூணு பொத்தான் பூடுச்சு."

யூனிஸ் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஒல்லின்னுதானே சொன்னீங்க?"

"ஒள்ளுன்னேன். தெலுங்குல ஒடம்பு! ஒடம்பு ஜாஸ்தின்னா இன்னா அர்த்தம்?"

"எங்க ஊர்ல ஒல்லின்னா இப்படி" என்று யூனிஸ் சுண்டுவிரலைக் காட்டினாள். "தப்பு என்னுதுதான். கேட்டுத் தெரிஞ்சிக்கினு குடுத்திருக்கணும். மன்னிச்சிடுங்கண்ணா."

நாகபூஷணம் சிரித்த சிரிப்பில் அலமாரிச் சீசாக்கள் கிணுகிணுத்தன. பிறகு சிரிப்பு அடங்கியது. வளைவுகளில் ஸ்டீரிங் அவர் வயிற்றில் உரசுகிறதாம். ஆடி முடிவதற்குள் இரண்டுக்கும் நடுவில் பஸ் இன்ஸ்பெக்டரின் முஷ்டி நுழைய வேண்டும். இல்லாவிட்டால் ரேணிகுண்டா பஸ்ஸுக்கு மாற்றிவிடுவார்களாம்.

"அது மேடு பள்ளமில்லாத நேர் ரோடும்மா. தூக்கம் வரும். மலையில காலைல மேகம் வெலகும் பாரு, ஊரே கீழ விளக்கு வெச்ச கொலு மாதிரி தெரியும். அத உட்டுட்டு எப்டிப் போவேன்? கரைக்கிற மருந்து எதுனா குடு."

"அப்படின்னு சொல்லி பேதி மருந்து விப்பாங்கண்ணா. கொண்டை ஊசி வளைவுல வயிறு கலக்குனா என்ன பண்ணுவீங்க?"

ரத்தினம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

யூனிஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் அன்றாடம் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். வீட்டில் கொஞ்சம்தான். ஆனால் பஸ்ஸில் ஏறும் யாத்திரிகர்கள் டிரைவருக்குக் கொடுக்காமல் எதையும் பிரிப்பதில்லை. புளியோதரை, வடை, முறுக்கு, போகும்போதும் வரும்போதும்.

"வேணான்னா மொகம் வாடிப்பூடுதும்மா."

"காய்ச்சல் வந்தா?"

"அப்போ பத்தியம்னுடுவேன். யாரு கேப்பா?"

யூனிஸ் எழுந்தாள். உள்ளே போய்ச் சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றி, பெரிய சீசாவில் ஊற்றினாள். வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் பல்வெட்டுக் காகிதத்தை அதன் விலாவில் ஒட்டினாள்.

"இது மருந்து இல்லண்ணா, வெறும் சீரகத் தண்ணி. ஆனா சீசா நிஜம். யாராவது வடை நீட்டினா இதைக் காட்டுங்க. பசிச்சா மோர் குடிங்க, வீட்டுச் சோத்தை வயிறாரத் துன்னுங்க. மேல பஸ் நிக்கும்போது தூங்காம நடங்க. வியாழக்கிழமை இங்க வாங்க, அளக்கலாம்."

"பிரசாதம்?"

"ஒரு கிள்ளு. மீதி பின் சீட்டுக்கு."

வியாழன்தோறும் அவர் வந்தார். யூனிஸ் காயத்துக்குச் சுற்றும் துணியால் வயிற்றை அளந்து, போன வார அளவைவிட மிஞ்சிய துண்டை வெட்டிக் கையில் கொடுப்பாள். ஒரு வாரம் மிஞ்சவே இல்லை. "மழையில நடக்கலம்மா" என்றார். அவள் திட்டவில்லை, அடுத்த வாரத்துக்குச் சீசாவை நிரப்பினாள். பஸ்ஸில் அவருக்கு ஏகப்பட்ட அனுதாபம். கும்பகோணத்து மாமி ஒருத்தி அவர் பிழைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு முடியே இறக்கிவிட்டாள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து, கேட்டவர்களிடமெல்லாம் "வவுத்தைக் குறைக்கத்தான் பத்தியம்" என்று உள்ளதைச் சொன்னார். அதற்குப் பிறகும் யாரும் வடை நீட்டவில்லை.

ஆடிக் கடைசி நாள் யூனிஸ் கடையைப் பூட்டிவிட்டு ரத்தினம்மாவோடு மலையடிவாரத்து அலிபிரிக்குப் போனாள். பஸ் நிறைய ஆட்கள். டிரைவர் இருக்கையில் நாகபூஷணம் சிலைபோல் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் முஷ்டியை நுழைத்தார். உள்ளே போயிற்று!

"மூச்சை உடுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

நாகபூஷணம் விட்டார். வயிறு திரும்பி வந்து கையைக் கவ்விக்கொண்டது. இன்ஸ்பெக்டர் இழுத்துப் பார்த்தார். கைக்கடிகாரம் வேறு சிக்கியது. யூனிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பத்தியத்துல கீறாரு சார், உடுங்க!" என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். "இன்னும் கொறைவாரு!"

"ஆனியில இதுல என் வெரலே போவல" என்றார் இன்ஸ்பெக்டர், மாட்டிய கையோடு. "சரி, இன்னொரு மாசம் பாக்கலாம். அதுவரைக்கும் மலைதான்."

பஸ்ஸே கோவிந்தா போட்டது. நாகபூஷணம் கண் கலங்கிச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கப் பிடி இறுகியது.

"யோவ்," என்றார் இன்ஸ்பெக்டர், "முதல்ல என் கையை உடுய்யா!"