இரண்டு விண்ணப்பம், ஒரே படம்

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதகர் வேலை. பெயரைக் கேட்டு யாரும் மலைத்துவிட வேண்டாம். பெல்ட்டில் வரிசையாக வரும் மூடிகளைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் விட்டுவிடுவேன், ஏதாவது ஒன்று மாறியிருந்தால் பொறுக்கி எறிவேன். இதற்கே வருடக்கணக்காகச் சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அச்சு அசலாக ஒரே முகம். என் கண்ணுக்கு இரண்டும் பாஸ்.

கொஞ்சம் முந்திப் பிறந்தவள் பெரியவள், அடுத்தவள் சின்னவள். என் மனைவிக்கு இருட்டில்கூட எது யார் என்று தெரியும். எனக்குத் தெரியாது. அது அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். பெரியவளுக்கு மஞ்சள் காலுறை, சின்னவளுக்கு நீலம். "சின்னவளத் தூக்குங்க" என்றால் நீலத்தைத் தூக்குவேன். இப்படியே ஏழு மாதம் பொறுப்பான அப்பா என்று பேர் வாங்கிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் அவளுக்கு வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. அவளுடைய விசா வந்துவிட்டது. குழந்தைகளைத் தான் பார்த்துக்கொள்வதாக அங்கேயே இருக்கும் அவள் அக்கா சொல்லிவிட்டாள். என் கம்பெனி ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்ததால் நான் பிறகுதான் போக முடியும். பாக்கி இருந்தது குழந்தைகளின் விசா. அது வராவிட்டால் ஒன்று, பால் குடிக்கிற பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் தனியாகக் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த வேலையைக் கைகழுவ வேண்டும்.

"இந்த ஒன்ன மட்டும் நீங்க பாத்துக்கோங்க," என்றாள். பழைய வேலையை ஒப்படைத்துவிட்டு வரவே அவளுக்கு நேரம் போதவில்லை.

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விண்ணப்பத்தில் கேள்விகள் சளைக்காமல் வந்தன. உங்கள் தொழில் என்ன? திருமணம் ஆனவரா? ராணுவத்தில் பணியாற்றியதுண்டா? ஏழு மாதக் குழந்தைக்காக ஒவ்வொன்றாக "இல்லை, இல்லை" என்று நிரப்பினேன். வேறு எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு மட்டும் ஒரு தடவை தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் ஏதோ நாட்டையே நிர்வாகம் பண்ணின மாதிரி ஒரு களைப்பு.

படம்தான் என்னைக் கவிழ்த்தது. வெள்ளைப் பின்னணி வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிடித்திருப்பவரின் கை தெரியக் கூடாது. இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையோடு சேர்த்து ஒரு வெள்ளைப் போர்வையைப் போர்த்தினார். அதற்கு மேல் பெரியவளை உட்காரவைத்தார். நான் துணிக்கு உள்ளிருந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலியாகத்தான் அன்றைக்கு நான் உருப்படியாக ஏதோ செய்தேன். பெரியவள் ஒரே கிளிக்கில் முடித்துவிட்டாள்.

சின்னவளுக்கு வெளிச்சம் ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு அழுதாள், பிறகு தூங்கியே போனாள். போர்வைக்குள் நான் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். தலையை வெளியே நீட்டி நானேதான் அந்த யோசனையைச் சொன்னேன்.

"ரெண்டும் ஒரே மூஞ்சிதானே. எடுத்த படத்தையே ரெண்டு செட்டு போட்டுக் குடுத்துடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஒன்னும் கேக்கல சார், நீங்க ஒன்னும் சொல்லல," என்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். எனக்கு என்னுடைய சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. மனைவியிடம் உறையை ஒட்டியே காட்டினேன்.

விசா மையத்துக்கு நாலு பேருமாகப் போனோம். கவுன்டரில் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உறையைப் பிரித்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு குழந்தைக்கும் சட்டையில ஒரே எடத்துல பால் கறை இருக்கு சார்."

"ஒரே பாட்டில்ல குடிச்சாங்க மேடம்," என்றேன். என்னை அங்கேயே யாராவது அறைந்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இது ரெண்டுமே பெரியவ," என்றாள் மெதுவாக.

கவுன்டர் அம்மா என்னை விடவில்லை. குழந்தைகளைக் காட்டினார். "அம்மா சொல்ல வேணாம். நீங்க சொல்லுங்க சார். இதுல எது பெரியவங்க, எது சின்னவங்க?"

நான் குனிந்து கால்களைப் பார்த்தேன். புழுக்கமாக இருக்கிறதென்று என் மனைவி காலுறைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தாள். நாலு வெறும் பாதங்கள். திருதிருவென்று விழித்தேன்.

"முகம் மேல இருக்கு சார்," என்றார் அந்த அம்மா.

வேறு வழியில்லாமல் ஒரு முகத்தைக் காட்டி, "இதுதான் பெரியவ," என்றேன். தப்பு.

அவர் விண்ணப்பத்தை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். "நான் இத வாங்கி உள்ள அனுப்பியிருந்தா பொய்த் தகவல்னு எழுதிடுவாங்க. அப்புறம் உங்க குடும்பத்துல யாரும் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க முடியாது. சின்னவங்களுக்குப் புதுப் படம் எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரையும் எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறதுன்னு அப்பா அம்மால ஒருத்தர் கைப்பட எழுதிக் குடுக்கணும்."

வெளியே வந்து படியில் நின்றோம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏழு மாசமா உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். விண்ணப்பத்தை என் கையில் திணித்தாள். "அந்தக் காகிதத்த நீங்களே எழுதுங்க. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

அவமானமாக இருந்தது. மூடியில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவன், பெற்ற பிள்ளைகளின் முகத்தை நிறுத்திப் பார்த்ததில்லை. லீவு போட்டேன். காலுறைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பாயில் இரண்டு பேருக்கும் நடுவில் குப்புறப் படுத்துக்கொண்டேன். முதல் நாள் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை பால் கொடுத்தேன். மற்றவள் தொண்டை கிழியக் கத்தி என்னைத் திருத்தினாள். போகப் போகப் பிடிபட்டது. பெரியவள் கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்குவாள். பேசுகிறவர்களின் வாயையே பார்ப்பாள். அழ வந்தால் எடுத்த எடுப்பில் அழுவாள். சின்னவள் அப்படியில்லை. மூச்சை உள்ளே இழுத்து, கீழுதட்டைப் பிதுக்கி, யோசித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். தும்மினால் யாரோ தன்னைத் தும்மவைத்த மாதிரி சுற்றிலும் பார்ப்பாள். ஒருநாள் அவளை ஜன்னலோரம் வெயில் படாத பக்கமாகத் திருப்பி வைத்தேன். கண்ணை அகலத் திறந்து என்னையே பார்த்தாள். ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்து அந்த இடத்திலேயே படம் எடுத்தோம்.

எழுதியது மூன்று பக்கம் வந்தது. கவுன்டர் அம்மா புரட்டிப் பார்த்தார். என் தோளில் சாய்ந்திருந்த சின்னவளையும் எட்டிப் பார்த்தார்.

"சின்னவங்களுக்குக் காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்குன்னு ஒரு வரி போதுமே சார். தும்மலெல்லாம் எதுக்கு?"

மச்சம் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அசடு வழிய அதையும் கீழே சேர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

விசா வந்தது, அவளும் நேரத்துக்குக் கிளம்பினாள். விமான நிலையத்தில் இரண்டு பேரையும் மாறி மாறி வாங்கிக் கொஞ்சினேன், ஒரு தடவைகூடத் தப்பாகக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்தபோது எனக்கு அந்த வீட்டைப் பிடிக்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை இனி யாரிடம் காட்டுவது?

தினமும் போனில் பேசினாலும், அவள் கூப்பிடுகிற நேரத்தில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மாதம் தூங்கும் முகங்களையே பார்த்தேன். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் அழுகை கேட்டது.

"சின்னவ எந்திரிச்சுட்டா. இருங்க, தூக்கிட்டு வரேன்."

"அது பெரியவ," என்றேன். "சின்னவன்னா மூச்ச இழுத்துட்டுதான் ஆரம்பிப்பா."

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆமா. பெரியவதான்," என்றாள். கல்யாணமானதிலிருந்து நான் சொன்னது சரி என்று அவள் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "கொண்டா, கொண்டா, அவளக் காட்டு," என்றேன்.

பெரியவளைத் திரைக்கு முன்னால் பிடித்தாள். கன்னம் உப்பியிருந்தது, கீழே இரண்டு பல். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் என் வாயைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வெக்கப்படறா," என்றாள் என் மனைவி சட்டென்று.

வெட்கம் யாரைப் பார்த்தால் வரும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆமாம், வெட்கம்தான் என்று சொல்லி நானும் சிரித்துவைத்தேன்.