கூனல் மரத்து விதை

திபெரியு அண்ணனைத் திட்டவும் முடியவில்லை. அதுதான் எனக்கு வந்த முதல் கஷ்டம். திட்டியிருந்தால் பாதிப் பாரமாவது இறங்கியிருக்கும்.

செப்டம்பரில் நானும் மரமேறி ரெமுஸும் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, வனக்காவலரான அவர் தன் வீட்டு வாசலில் தேய்த்த சீருடையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. பிளம் சாராயம் மேசைக்கு வந்தாகிவிட்டது.

"முதல்ல காட்டைப் பாருங்க இன்ஜினியரம்மா, அப்புறம் சாப்பிடலாம். பாத்தா அசந்துபோயிடுவீங்க," என்றார்.

அசந்துதான் போனேன்.

அது சோதனைக் காடு. கார்ப்பாத்திய மலைகளில் ஃபிர் என்கிற ஊசியிலை மரம் எங்கெங்கே வளர்கிறதோ அங்கிருந்தெல்லாம் விதை கொண்டுவந்து, ஒரே சரிவில் அடுத்தடுத்து நட்டது. நட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஒரே மண், ஒரே மழை, ஒரே பனி. அப்படியும் வடக்கத்தி மரம் ஒரு மாதிரியும் தெற்கத்தி மரம் ஒரு மாதிரியும் வளரும். அந்த வித்தியாசம் மண்ணால் வந்ததில்லை, பிறவியிலேயே வந்தது.

குர்மத்தூரா மலையின் சுண்ணாம்புச் சரிவிலிருந்து வந்தவைதான் அதில் அவலட்சணம். குட்டை, கூன், கோணல் கிளை. பார்க்க வந்த அதிகாரிகள் எல்லாம் அவற்றைக் கிண்டல் பண்ணாமல் போனதில்லை. ஆனால் வறண்ட வருடங்களில் உயர்ந்தோங்கிய மரங்களுக்கெல்லாம் உச்சி பழுத்துச் செத்துக்கொண்டு வந்தபோது, இந்தக் கூனல்கள் ஓர் ஊசியைக்கூட உதிர்க்கவில்லை. உயரத்துக்குப் போகிற பலத்தை அவை வேருக்குக் கொடுத்துவிடுகின்றன. தாகத்தோடு பிறந்து தாகத்தோடு வாழக் கற்ற பரம்பரை.

அவற்றின் தாய்க்காடு முந்தின கோடையில் எரிந்து சாம்பலாகிவிட்டது. மரம் போன சரிவிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கல் உருண்டு அடிவாரத்து வீடுகளில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஊர்த் தலைவி சவேதா போன் போட்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். "எங்க மலைக்கு எங்க மரமே வேணும் தாயி. வேற எதையும் அந்தப் பாறை நிக்க விடாது. ஏற்கெனவே ரெண்டு தடவ நட்டுப் பாத்தாச்சு, எல்லாம் கருகிப்போச்சு." அவள் சொன்னது நிஜம். அந்த வம்சம் உலகத்தில் மிச்சமிருந்தது எங்கள் சோதனைக் காட்டில் மட்டும்தான். மே மாதம் கூனல்கள் எல்லாம் பூத்திருந்ததைப் பார்த்துவிட்டு, காய் பழுக்கும் நாளுக்காகக் காத்திருந்து வந்திருந்தேன். ஃபிர் காய் பழுத்தால் மரத்திலேயே உதிர்ந்து பறந்துவிடும். அதற்கு முன்னால் ஏறிப் பறிக்க வேண்டும்.

காட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் அதிகமாக இருந்தது. உயரமான மரங்கள் நேர்நேராக நின்றன. நடுவில் துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. குர்மத்தூரா மரங்கள் இருந்த இடத்தில் எல்லாம் அடிக்கட்டைகள்.

"ஆகஸ்ட்ல தலைநகரத்துலேர்ந்து பெரியவங்க வந்தாங்கல்ல?" என்றார் திபெரியு. "வீட்டுக்கு விருந்தாளி வரும்போது குப்பையோடவா விடுவோம்? ஜூலைலயே ஆள் வெச்சு சுத்தம் பண்ணிட்டேன். நோஞ்சானு, கோணலு எல்லாத்தையும் எடுத்தாச்சு. நல்ல மரத்துக்கு இனிமே காத்தும் வெளிச்சமும் வரும். அவங்க என் கையப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாங்கம்மா."

ரெமுஸ் தோளில் இருந்த கயிற்றைக் கீழே போட்டான். "நான் எதுல ஏறட்டும்? கட்டை மேலயா?" என்றான்.

"அண்ணே, இது சோதனைக் காடு. எல்லா மரமும் இருந்தாத்தானே சோதனை?" என்றேன்.

"இத்தனை வருஷமா பாத்தாச்சே அம்மா. யாரு ஜெயிச்சா, யாரு தோத்தான்னு குருடனுக்கே தெரியுது. தோத்தவனை எதுக்கு இன்னும் நிக்க வெச்சு அவமானப்படுத்தணும்?"

அடப் பாவி மனுஷா! காட்டுத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான்: மோசத்தை எடு, நல்லதை விடு. நாங்கள் எல்லோரும் அந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தான். அவர் அதை அன்போடு, ஒரு கள்ளமும் இல்லாமல், எனக்குப் பெருமை சேர்க்கச் செய்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. தொப்பியைக் கழற்றினார். அப்படியே ஒரு கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கிளையெல்லாம் எங்கே?" என்றேன்.

கிளைகள் ஓடைப் பக்கம் குவியலாகக் கிடந்தன. ஓடினோம். காய்கள் இருந்தன! பழுப்பேறி, கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு. ரெமுஸ் "இருக்கு, இருக்கு!" என்று கத்தினான். நான் கத்தியை எடுத்து ஒரு விதையைக் குறுக்கே வெட்டினேன். நல்ல விதை வெட்டினால் உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். அதில் காய்ந்துபோன தோல்தான் இருந்தது. அடுத்ததிலும் அதுதான். பால் பிடிக்கிற சமயத்தில் வெட்டிவிட்டார்கள். இருட்டுகிறவரை மூன்று பேரும் உட்கார்ந்து வெட்டினோம். ஒன்றில்கூட உயிர் இல்லை. திபெரியு வெட்டிய ஒவ்வொரு விதையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது? இது எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டிறைச்சியை யாரும் தொடவில்லை.

விடிந்த பிறகுதான் எனக்கு மகரந்த ஞாபகம் வந்தது. மே மாதம் கூனல்கள் பூத்தன அல்லவா? காற்று அடித்தது அல்லவா? அப்படியானால் உயரமான மரங்களின் காய்களில் சில விதைகளுக்காவது தகப்பன் குர்மத்தூரா. ரெமுஸ் நாள் முழுக்க ஏறினான். மூட்டை மூட்டையாகப் பறித்தோம். விதைகள் கொழுகொழுவென்று இருந்தன.

ஆனால் எந்த விதைக்கு யார் தகப்பன்? ஆய்வகத்தில் பார்த்தால் தகப்பனைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அவனுடைய தாகம் தாங்கும் குணம் பிள்ளைக்கு வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. அது ஒரே ஓர் இடத்தில் எழுதிவைத்த குணம் இல்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் துணுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு பிள்ளைக்குப் பாதி வரும், இன்னொன்றுக்கு ஒன்றுமே வராது. தெரிந்துகொள்ள ஒரே வழி கன்றுகளைத் தண்ணீர் இல்லாமல் விடுவதுதான். சாவது சாகட்டும், நிற்பது குர்மத்தூராவுக்குப் போகட்டும்.

"என் வீட்டுப் பக்கத்துலயே வளக்கறேன்," என்றார் திபெரியு. "நான் கெடுத்ததை நானே சரி பண்ணணும். வேண்டாம்னு சொல்லாதீங்க." கண்ணில் நீர் நின்றது. எப்படி வேண்டாம் என்பேன்? மழை படாத கொட்டகை போட்டுக் கொடுத்தேன். விதை முளைத்தது. முதல் கோடையில் நீர் ஊற்றி வளர்த்தோம். அடுத்த கோடை தொடங்கியதும் அவரை உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னேன்: இனி ஒரு சொட்டு ஊற்றக் கூடாது, செத்தாலும் ஊற்றக் கூடாது. அவர் மார்பில் சிலுவைக் குறி போட்டுச் சத்தியம் செய்தார். நான் நகரத்துக்குத் திரும்பிவிட்டேன்.

சவேதாவின் ஊரும் சும்மா இருக்கவில்லை. வெறும் பாறையில் கன்று நிற்காது என்பதால் கடப்பாரையால் குழி குடைந்து, அடிவாரத்து மண்ணை முதுகில் சுமந்து ஏற்றி நிரப்பினார்கள். கர்ப்பிணிகளைத் தவிர எல்லாப் பெண்களும் சுமந்தார்களாம். அப்படியும் குழிகள் கொஞ்சம்தான், முளைத்த கன்றையெல்லாம் நட இடம் போதாது. அந்த இலையுதிர் காலத்தில் நடாவிட்டால் அடுத்த மழை மண்ணை அடித்துக்கொண்டு போய்விடும்.

அக்டோபரில் லாரியோடு சவேதாவும், பேருந்தில் நானும் வந்து சேர்ந்தோம். திபெரியு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இளைத்திருந்தார்.

"ஒண்ணுகூடச் சாகல இன்ஜினியரம்மா!"

கொட்டகைக்குள் போனேன். தட்டுத் தட்டாகக் கரும்பச்சை. ஆயிரக்கணக்கான கன்றுகள், எல்லாம் ஒரே மாதிரி, நோயில்லாத பிள்ளைகள் மாதிரி நின்றன. மண்ணைத் தொட்டேன். ஈரம்.

"அண்ணே... தண்ணி ஊத்தினீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாடிப்போயி ஒவ்வொண்ணாத் தலைய சாய்ச்சதும்மா. காலைல எந்திரிச்சு பாத்தா என்னையே பாக்கற மாதிரி இருக்கும். ஒரு தடவ கொன்னுட்டேன். மறுபடியும் என் கண்ணு முன்னாடி... முடியல. கொஞ்சூண்டுதான் ஊத்தினேன். தினமும் கொஞ்சூண்டு."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இந்தப் பச்சைக்குள் எங்கேயோ அந்தக் கூனல்களின் பிள்ளைகள் இருக்கின்றன. பத்தில் ஒன்றோ, நூறில் ஒன்றோ. பக்கத்தில் நிற்பது அடுத்த கோடையில் கருகப்போகிற கன்று. இரண்டையும் தடவிப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று?

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். சவேதா உள்ளே வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, எவ்வளவு அழகு! இதுல எங்க மரம் எது தாயி? எதை ஏத்தட்டும்?" அவள் உள்ளங்கையெல்லாம் கொப்புளம் உடைந்து ஆறிய தழும்பு.

திபெரியு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலுக்குப் பக்கத்தில் இருந்த தட்டுகளைக் காட்டினேன்.

"இதுதானா? நிச்சயமா?"

"இதுதான்," என்றேன்.