காளஜாயியின் உத்தரவு

பிம்பள்கட் கோட்டையின் பெரிய பீரங்கிக்குக் காளஜாயி என்று பெயர்; ஊருக்கு அது அம்மன். அது சுட்டதைப் பார்த்தவர் யாரும் உயிரோடில்லை. எல்லோரும் வயதாகிச் செத்துப்போனார்கள்.

கடைசியாகச் சுட்டவன் பீரங்கிக்காரன் பிவாஜி ஷெலாரின் பாட்டன். அதற்குக் கிடைத்த நெல்வயலில் மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டது. தசராவுக்குத் தசரா பீரங்கிக்கு எண்ணெயும் செந்தூரமும் அப்புவதுதான் பிவாஜியின் வேலை. ஊர் அவனைச் செந்தூரக்காரன் என்றது. சண்டை வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிட்டாள். சாவதற்குள் ஒரே ஒரு தடவை அதைச் சுட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

அதனால் இங்கிலீஷ்காரர்கள் எதிர் மேட்டில் பீரங்கிகளை இழுத்து ஏற்றியபோது, கோட்டையில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவன்தான். மருந்தும் குண்டும் எடுத்துக்கொண்டு ஓடினான். திரி வைக்கிற துளையைக் காணோம். தசரா தவறாமல் அப்பிய செந்தூரம் கல்லாக இறுகி அதை மூடியிருந்தது.

உளியை எடுத்தான். பூசாரி சோனு கையைப் பிடித்துக்கொண்டான். அது அவள் தோல், பூ வைத்து உத்தரவு கேட்காமல் தொடக்கூடாது என்றான்.

"வெளிய குண்டு விழுது, சோனு."

"விழட்டும். அவன் சாமியைக் கேட்டுட்டா போடுறான்? நீ கேட்டுட்டுப் போடு."

பீரங்கி வாயின் இரண்டு பக்கமும் ஈரப் பூவிதழ் ஒட்டப்பட்டது. வலது விழுந்தால் சரி, இடது விழுந்தால் கூடாது. இரண்டுமே விழவில்லை. அத்தனை எண்ணெயில் எப்படி விழும்? மதில் ஒரு பக்கம் உதிர்ந்துகொண்டிருக்க, கோட்டைப் படை மொத்தமும் உட்கார்ந்து இரண்டு இதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோட்டைத் தலைவர் சிட்கோபந்த்தும் வந்தார். கும்பிட்டார், இரண்டு இதழ்களையும் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து மலையே அதிர்ந்தது. வலது இதழ் விழுந்தது.

"உத்தரவு ஆயிடுச்சு" என்றான் சோனு, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு.

"யாரு குடுத்தது? அவளா, அவனா?"

"யார் மூலமா குடுத்தா உனக்கென்னடா? சீக்கிரம் வெட்டு."

செந்தூரம் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் இரும்பு புத்தம் புதிதாகக் கறுத்துக் கிடந்தது. துளையைத் திறந்து, துடைத்து, மருந்து கெட்டித்து, குண்டு போட்டு, எதிர் மேட்டுக்குக் குறி வைத்து, பிவாஜி கையிலிருந்த திரியைப் பற்றவைத்தான். அப்போதுதான் சிட்கோபந்த் தலைப்பாகை இல்லாமல் மூச்சிரைக்க வந்தார்.

"பிவா, கையை இறக்குடா. வெள்ளைத் துணி போயாச்சு. வாளு, சட்டி, மாடு எல்லாத்தையும் எடுத்துட்டு இறங்கலாம்னு ஒத்துக்கிட்டான். பாதிப் பேர் வாசலைத் தாண்டியாச்சு."

"உத்தரவு ஆயிருக்கு, பந்த்."

"எனக்கும்தான் ஆச்சு. நான் வந்தப்ப பூ விழல. அதுதான் அவ பதில்னு எடுத்துக்கிட்டேன்."

பிவாஜி மதில் வழியாகப் பார்த்தான். கீழே பாதையில் சனம் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் பாக்ரி ரொட்டி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் பெண்டாட்டி. அவர்களுக்கு நேர் எதிரே இங்கிலீஷ் பீரங்கிகள். இங்கே ஒரு குண்டு கிளம்பினால் அங்கே என்ன கிளம்பும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சோனுவின் தீர்த்தச் செம்பில் திரியை அழுத்தினான்.

சாயங்காலம் இங்கிலீஷ் அதிகாரி ஒருவன் மேலே வந்தான். காளஜாயியைச் சுற்றி வந்து, துளைக்குள் விரலை விட்டுப் பார்த்து ஏதோ சொன்னான். கூட வந்த துபாஷி மொழிபெயர்த்தான்.

"இந்த மலைகள்ல இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற பீரங்கியை எங்கயும் பாக்கலையாம்."

மூன்று தலைமுறையில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. பிறகு அதிகாரி மருந்தை எடுக்கச் சொல்லிவிட்டு, இனி யாரும் சுட முடியாதபடி துளையில் ஒரு இரும்பு ஆணியை அடித்து இறக்கச் சொன்னான்.

சாமி காரியத்துக்கு விட்ட நிலம் என்று கணக்கில் எழுதிக்கொண்டு கம்பெனி வயலைத் தொடவில்லை. அந்தத் தசராவுக்கும் பிவாஜி எண்ணெயோடு மலையேறினான். வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. துளையிருந்த இடத்தில் மட்டும் செந்தூரம் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது.