பதினெட்டு டிகிரி

சர்வர் அறையைப் பதினெட்டு டிகிரியில் உறைய வைக்கத் தேவையில்லை, இயந்திரங்கள் இருபத்தாறையும் தாங்கும், மின்சாரமும் மிச்சம் என்று ஆறு மாதம் மேலதிகாரிகளிடம் தொண்டை வற்றப் பேசி ஜெயித்தவர் ஏசி இன்ஜினியர். மாற்றிய மறுநாள் காலை, வழக்கம்போல மனைவி பின்னிய ஸ்வெட்டரோடு உள்ளே போனவர், அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"ஏசி படுத்துடுச்சு! உள்ள எல்லாம் வேகுது!"

கண்காணிப்புத் திரையின் முன்னால் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருபத்தாறுதான் சார் இருக்கு. நேத்து நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? மெஷினுக்கு ஒண்ணுமில்ல, வேகறது நீங்கதான். மொதல்ல ஸ்வெட்டரைக் கழட்டுங்க."

அசடு வழியக் கழற்றியவர், கையோடு மனைவிக்கும் போன் போட்டார். "இந்த வருஷம் ஸ்வெட்டர் பின்னாதம்மா. மெஷினுக்கு அவ்வளவு குளிர் வேண்டாம்."

"எப்பலேருந்து வேண்டாம்?"

"அது... ரொம்ப வருஷமாவே வேண்டாம்தான். யாரும் மாத்திப் பாக்கல."

"அடப்பாவமே! வருஷத்துக்கு ஒண்ணுன்னு பன்னெண்டு ஸ்வெட்டர் பின்னினேனே! பதினெட்டுன்னு வெச்ச மகராசன் யாருங்க?"

வைத்தவர் சாட்சாத் அவரேதான். ஊருக்கே இணையம் அனுப்பும் கட்டடத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டு, "இங்க சிக்னல் சரியில்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்தார்.