கடைசியில் பிழியும் தேசிக்காய்

தேசிக்காயைக் கடைசியில்தான் பிழிய வேண்டும் என்பது றிஸ்லாவின் சட்டம். நாவற்பழச் சாற்றில் முன்கூட்டியே பிழிந்து வைத்தால் கசப்பு ஏறிவிடும் என்பாள். சட்டத்தை இயற்றியவள் மௌத்தாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதை இம்மி பிசகாமல் கடைப்பிடிக்கத் தெரிந்தவனாக அந்த வீட்டில் எஞ்சியிருந்தவன் அவளுடைய கணவன் முர்ஷித் ஒருவன்தான்.

அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளைப் பகுதியார் வருவதாக இருந்தது. சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஜெமீல் ஹாஜியின் மகனுக்கு றிஸ்லாவின் தங்கை நுஸ்ஹாவைப் பேசியிருந்தார்கள். பெண்ணைப் பார்க்கிற வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வீட்டைப் பார்ப்பதுதான் ஆற அமர நடக்கும். கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மணமுடிக்கும் ஆண் அவள் வீட்டுக்கு வந்து வாழ்கிறவன். முர்ஷிதும் அப்படி வந்தவனே. இந்த வீடு மூத்த மகளுக்கு என்று மாமனார் வாயால் சொன்னார். உறுதிப் பத்திரம் எழுதுவதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு வருவதற்குள் அவர் போய்விட்டார். அவருக்குப் பின்னால் றிஸ்லாவும் டெங்குக் காய்ச்சலில் போனாள். பிள்ளைகள் இல்லை. ஆகவே வீடு இப்போது நுஸ்ஹாவுக்கு. இந்தச் சம்பந்தம் ஒப்பேறினால் முர்ஷித் வெளியேற வேண்டும். இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியேறிப் போக அவனுக்கு ஊர் இருந்தது, வீடு இருக்கவில்லை. மருதமுனையில் அவன் பிறந்த வீடு, அதே வழக்கப்படி, அவனுடைய அக்கா, சிபானா ராத்தாவின் வீடாகி வெகுகாலம். அங்கே அவன் போய்வரலாம். தங்குவதென்றால் ராத்தாவின் கணவருடைய முகத்தைப் பார்த்துத்தான் தங்க வேண்டும்.

அடுப்படி வாசலில் நின்று முர்ஷித் இருமினான். நுஸ்ஹா முக்காட்டைச் சரிசெய்துகொள்ள அவன் கொடுக்கும் அவகாசம் அது. றிஸ்லா போன நாளிலிருந்து, இருமாமல் அவன் அந்த வாசலைக் கடந்ததில்லை.

"வாங்க மகன்," என்றார் மாமி றாஹிலா. "பழம் கழுவி வெச்சிரிக்கன். சீனிப்பாகும் ஆறிட்டு. மறுகா என்ன செய்யிற எண்டு எனக்குத் தெரியா."

அவன் தரையில் அமர்ந்து, பழங்களை வடிதட்டில் கொட்டி, விரல் நுனிகளால் மசித்தான். கொட்டை நசுங்கக்கூடாது, நசுங்கினால் துவர்ப்பு இறங்கும். சிட்டிகை உப்பைத் தூவினான். இஞ்சிச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டான். சட்டியில் சாறு கருநீலமாகக் கூடியது.

நுஸ்ஹா கசகசாவை ஊறவைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "மச்சான், பழத்தப் பிசையச் சொன்னா சீமெந்து குழைக்கிற மாதிரிக் குழைக்கிங்க."

"சீமெந்து குழைச்ச கைதான் புள்ள. அதுக்கு வேற வித்தை தெரியா."

வீட்டுத் தரைகளுக்கு ஓடு பதிப்பது அவன் தொழில். இந்த அடுப்படித் தரையையும் அவனே பதித்தான். வெள்ளைதான் வேண்டும் என்று றிஸ்லா ஒற்றைக் காலில் நின்றாள். அழுக்குத் தெரியும் என்று அவன் சொன்னது எடுபடவில்லை. அவள் சிந்திய நாவற்பழச் சாறு அடுப்புக்குக் கீழே இரண்டு ஓடுகளின் இணைப்பில் ஊதா நிறமாக ஏறிக்கிடக்கிறது. அதைப் போக்கும் மருந்து அவனுடைய வேலைப் பையிலேயே இருக்கிறது. ஊராரின் தரைகளில் எத்தனையோ கறைகளைப் போக்கியவன், அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தான். இந்த வீட்டை விட்டுப் போகத் தனக்கு ஏன் மனம் வரவில்லை என்று யாராவது கேட்டிருந்தால், அவனால் காட்டக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். யாரும் கேட்கவில்லை.

நுஸ்ஹாவை அவனுக்கே முடித்துவைத்தால் என்ன என்று மாமியின் தம்பி மீராசா ஒருமுறை கேட்டதுண்டு. மார்க்கத்தில் தடையில்லை. முர்ஷித் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது, அவள் பள்ளிக்கூடப் பையோடு குறுக்கே ஓடிய சிறுமி. அவனால் அவளை வேறு விதமாகப் பார்க்க இயலவில்லை. அவளும் "எனக்கு அவரு கூடப்பொறந்த காக்கா மாதிரி" என்று சொல்லிவிட்டாள். பேச்சு அத்தோடு நின்றது.

மாமி தேசிக்காய்களை எடுத்துவைத்தார். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, "சோடா வாங்கி ஊத்திக் குடுத்தாலும் சரிதான் மகன். நீங்க இந்தப் பாடு படத் தேவல்ல," என்றார்.

"சோடா எல்லா ஊட்டயும் குடுப்பாங்க மாமி."

மாமி எதற்காக அதைச் சொன்னார் என்பது இருவருக்கும் தெரியும்.

மீராசா முன்னதாகவே வந்து சேர்ந்தார். "தட்டம் எடுக்க என்ட மகன வரச் சொன்னன், ஆளு கிரிக்கெட்டுக்குப் போயிட்டான். முர்ஷித், நீயே எடுத்துட்டு வா. சம்மாந்துறைல நெல்லு விளையிற அளவுக்குச் சிரிப்பு விளையாது. ஹாஜியச் சிரிக்க வெச்சிட்டா அரைவாசி நிக்காஹ் முடிஞ்ச மாதிரி," என்றார்.

ஆண்கள் அமரும் முன்னறைக்கு அந்த வீட்டு ஆண்தான் குடிபானத் தட்டம் எடுத்துப்போவது வழக்கம். மாமனாரின் காலத்துக்குப் பிறகு அதைச் செய்துவந்தவன் முர்ஷித். ஆகவே, அவன் எடுத்தால் என்ன நேரும் என்பதை அங்கிருந்த ஒருவரும் யோசிக்கவில்லை. வழக்கமாக நடப்பதை யார்தான் யோசிக்கிறார்கள்?

ஜெமீல் ஹாஜி கனத்த உடம்புக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். அவருடைய மனைவி உம்மு திரைச்சீலைக்கு அப்பால், பெண்கள் இருந்த உள்ளறைக்குப் போய்விட்டார். முர்ஷித் தட்டத்தை வைத்ததும் ஹாஜி ஜக்குக்குள் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, மை மாதிரி இரிக்கி? குடிக்கவா, எழுதவா?"

"கொஞ்சம் பொறுங்க ஹாஜி."

பாதியாக வெட்டிய தேசிக்காய்களை விதை நீக்கி ஒவ்வொன்றாகப் பிழிந்தான். கருநீலம் கலங்கியது, கலங்கிய இடமெல்லாம் சிவந்தது, கரண்டியால் ஒருமுறை சுழற்றியதும் ஜக்கு முழுவதும் மாதுளை நிறமாகியது. றிஸ்லா இதை விருந்தாளிகளுக்கு முன்னால் செய்வதற்காகவே தேசிக்காயை அடுப்படியில் பிழிய மாட்டாளோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. கசப்பு என்பது அவள் சொன்ன காரணம்.

ஹாஜி வாய்விட்டுச் சிரித்தார். மீராசா முர்ஷிதைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"இவரு ஆரு?" என்று ஹாஜி மீராசாவிடம் கேட்டார்.

"மூத்த புள்ளையிட மாப்பிள்ள, ஹாஜி."

"ஆ, அந்த மௌத்தாப்போன புள்ள... இன்னா லில்லாஹி." ஹாஜி ஒரு மிடறு குடித்தார், கண்ணை மூடினார், இன்னொரு மிடறு குடித்தார். "மாஷா அல்லாஹ். வெயிலு அப்படியே இறங்குது."

அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. முர்ஷித் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி மின்விசிறியின் சுவிட்சைப் போட்டான். அது சும்மா போட்டால் பிடிக்காது. பெருவிரலால் அழுத்தி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினான். உள்ளேயிருந்து, உம்முவுக்கு ஐஸ் இல்லாமல் ஒரு கிளாஸ் வேண்டும் என்று மாமியின் குரல் வந்தது. "பெரிய கிளாஸ் மேல்தட்டுல, சீனிப் போத்தலுக்குப் பின்னால இரிக்கி மாமி," என்று அவன் திரைச்சீலையை நோக்கிச் சொன்னான்.

ஹாஜி கிளாஸை மேசையில் வைத்தார்.

"தம்பி இப்பயும் இந்த ஊட்டதானா இரிக்கிற?"

கேள்வியில் கடுமை இல்லை. கடுமைக்குத் தேவையும் இல்லை. வீட்டில் மணமாகாத ஒரு குமர். அதே கூரையின் கீழ் அவளை மணக்கத் தடையில்லாத, மனைவியை இழந்த ஓர் ஆண். நடுவில் ஒரு திரைச்சீலை. அதை அவர் எப்படிப் பார்ப்பார் என்பது முர்ஷிதுக்குச் சட்டென்று விளங்கியது. போன வருடம் நிந்தவூரிலிருந்து வந்து, நுஸ்ஹாவைப் பார்த்து, சிரித்துப் பேசிவிட்டுப் போனவர்கள் பிறகு ஏன் ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை என்பதும் விளங்கியது. வீடு சிறிது என்று நினைத்திருப்பார்கள் என்றே அவன் இதுவரை எண்ணிக்கொண்டிருந்தான்.

திரைச்சீலைக்கு அப்பால் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

ஓம், இங்கேதான் என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட. உண்மையைச் சொன்னால் ஹாஜி மரியாதையாக எழுந்து போவார். வீடு இருந்தபடியே இருக்கும். வெள்ளைத் தரை இருக்கும். நுஸ்ஹாவும் இருப்பாள். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும்.

"இல்ல ஹாஜி," என்றான் முர்ஷித். "நான் மருதமுனையில, ராத்தாட ஊட்ட இரிக்கன். எப்பயோ போயிட்டன். இண்டைக்கு மாமி கூப்பிட்ட எண்டு வந்த. பழைய ஊடுதானே, கை மறக்குதில்ல."

ஹாஜி கிளாஸில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். பிறகு வெற்றுக் கிளாஸை நீட்டினார்.

"இன்னம் கொஞ்சம் ஊத்துங்க தம்பி. மீராசா, என்ட மகனுக்கு ஒரு சகலன் இல்லயே எண்டு கவலைப்பட்டன். இரிக்காரு போல."

அவர்கள் புறப்படும்போது, அடுத்த மாதத்துக்குள் நாள் வைப்பது என்று முடிவாகியிருந்தது. மீராசா அவர்களுடைய வாகனம் வரை போனார், போகும்போது முர்ஷிதின் தோளைத் தொட்டார், கண்ணைப் பார்க்கவில்லை. அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார்.

முர்ஷித் இருமிவிட்டு அடுப்படிக்குள் வந்தான். மாமி பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மகன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்ற மாமி?"

"நாள் வைக்கிற மட்டும் இரிங்களேன். ஆரு வந்து பார்க்கப்போற?"

"நான் இரிந்தா, அவருக்குச் சொன்னது நாளைக்கும் பொய், நாளையிண்டைக்கும் பொய். இண்டைக்கே போனா ஒரு நாள்ப் பொய்யோட முடிஞ்சிரும்."

நுஸ்ஹா சுவரைப் பார்த்தபடி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கு இந்த ஊடு வேணா மச்சான்," என்றாள்.

"ஊடு வேணாட்டி மாப்பிள்ளைய எங்க வெக்கப்போற? அவருட வாப்பாட ஆலைல, நெல்லு மூட்டைக்கு மேலயா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. குழாயை இன்னும் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றாள்.

முர்ஷித் தன் உடுப்புகளை ஒரு பையிலும் வேலைச் சாமான்களை இன்னொன்றிலும் அடுக்கினான். அலுமாரியில் றிஸ்லாவின் பக்கத்தைத் திறக்கவில்லை. அது வீட்டோடு சேர்ந்தது. மாமியின் கையைப் பிடித்து ஸலாம் சொன்னான். மாமி அவனுடைய கையை விட நேரமெடுத்தது.

பாண்டிருப்பைத் தாண்டும்போதுதான், ராத்தாவுக்கு இன்னும் சொல்லவில்லையே என்று நினைவு வந்தது. சொல்லாமல் இரண்டு பைகளோடு போய் வாசலில் நிற்க முடியாது. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திக் கைபேசியை எடுத்தான். அது அணைந்து கிடந்தது. பைகளைத் துழாவினான். சார்ஜர் அந்த வீட்டு முன்னறைச் சுவரிலேயே செருகியிருந்தது.

திரும்பிப் போனபோது அந்திநேர மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்ற நாட்களில் அவன் மோட்டார் சைக்கிளின் முன்சில்லால் வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டே உள்ளே போவான். இன்று தெருவிலேயே எஞ்சினை நிறுத்தினான். உள்ளே இரண்டு பெண்கள் மட்டும் இருக்கிறார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்று வெளியில் நின்று குரல் கொடுத்தான்.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. அந்நிய ஆண்களுக்கென்று அவர் வைத்திருக்கும் குரல் அது. கதவுக்குப் பின்னாலிருந்து அளந்து வருவது. அவன் அதை இதுவரை வீட்டுக்குள்ளிருந்துதான் கேட்டிருக்கிறான்.

"வ அலைக்கும் ஸலாம். ஆரு?"

"முர்ஷித்," என்றான். அது போதாது என்று தோன்றியது. "மருதமுனை முர்ஷித்."

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கும்வரை அவன் தெருவிலேயே நின்றான்.