வழி தவறச் சொன்னார் முதலாளி

குலால் மலையில் ஏறி இறங்கி சால்பி பாலைவனத்தைக் கடக்கும் சுற்றுலா வண்டிக்கு நான்தான் டிரைவர், நான்தான் வழிகாட்டி. போன தடவை வந்தவர்கள், “சாகசமே இல்லை” என்று குறை எழுதிவிட்டார்களாம்.

“இந்தத் தடவை கொஞ்சம் வழி தவறிப் போ, இசாக்கோ,” என்றார் முதலாளி.

பத்தொன்பது வருடமாகத் தவறாத வழியை எப்படித் தவறுவது? ஒன்றும் புரியாமல் வண்டியைக் கண்டபடி திருப்பினேன். வழி தெரியவில்லை என்றதும் வண்டியிலிருந்த வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஒட்டகம் மேய்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பி கல்கலோ ஓடிவந்தான். “எங்க மச்சான் இந்தப் பக்கம்?”

“வழி தவறிட்டேன்டா.”

“வெயில் மண்டைக்கு ஏறிருச்சா? அதோ தெரியுது பாரு, அக்கா வீடு!”

வழி தவறியவனைத் தனியே விடுவது எங்கள் சனத்தில் பாவம். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, என்னை என் வீட்டுக்கே கூட்டிப்போனான்.

“மனிதர் யாரும் போகாத இடத்துக்குப் போனோம்,” என்று இந்தத் தடவை வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கேதானய்யா நான் குடியிருக்கிறேன்?