பெல்ட்டில் பொறித்த நூறு

விடுப்பு முடிந்து திரும்பிய மறுநாட் காலையில் கிரேன்காரர் குளியலறைத் தராசின்மேல் ஏறி நின்றார். இறங்கினார். தராசை வேறொரு மூலைக்கு நகர்த்தி வைத்து மீண்டும் ஏறினார். தரை சமமாக இல்லை என்பது அவருடைய கட்சி. மூன்று மூலைகளிலும் தராசு ஒரே எண்ணைத்தான் காட்டிற்று: தொண்ணூற்றொன்பது. பூட்ஸ், கருவிப்பை, பாதுகாப்பு பெல்ட் ஆகியவற்றின் எடை நான்கு கிலோ. ஆக, நூற்று மூன்று.

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஓரிடத்தில், இருபது மாடி உயரக் கிரேனின் கூண்டில் அமர்ந்து அதனை இயக்குவது அவர் தொழில். கூண்டுக்கு ஏணியில்தான் ஏற வேண்டும். ஏறுவோர் அணியும் பெல்ட்டில் 'நூறு கிலோவுக்கு மேற்படலாகாது' என்று பொறித்திருந்தது. மாதம் ஒருமுறை பாதுகாப்பு அதிகாரி, மேலே ஏறுவோர் எல்லாரையும் பூட்ஸும் கருவிப்பையும் பெல்ட்டுமாக நிறுத்துப் பார்ப்பார். நூறைத் தாண்டியவர் அடுத்த மாதம் வரை தரையில் நிற்க வேண்டும். அவருடைய இருக்கையில் மாற்று ஓட்டுநர் அமர்வார். இம்மாதம் நிறுக்கும் நாள் வியாழக்கிழமை. அன்று திங்கட்கிழமை.

தரையில் நிற்பது இன்னதென்பதை அவர் முன்பே அறிவார். புதிய பெல்ட்டுகள் வந்திறங்கிய நாளில் அவர் நூற்றுப்பன்னிரண்டு கிலோ இருந்தார். அதனால் ஏழு வாரம் கீழே, கிரேனுக்குக் கை காட்டும் சிக்னல்காரரின் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. அந்த ஏழு வாரத்தில்தான் மாவுச்சத்தைத் துறந்தார். துறந்ததோடு விட்டிருந்தால் ஒருவருக்கும் தொல்லை இல்லை. சிக்னல்காரர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம் அருகில் போய் நின்று, அந்த ரொட்டி வயிற்றுக்குள் சென்று எவ்வாறு சர்க்கரையாகி, எவ்வாறு கொழுப்பாகிறது என்று விரலை மடக்கி மடக்கி விளக்கினார். பருத்த வயிற்றை முன்னிட்டுச் சிக்னல்காரருக்குப் 'பானை' என்று பெயரும் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. பின்பு எடை குறைந்து கூண்டுக்குத் திரும்பிய பிறகும் ஓயவில்லை. கொக்கியில் சுமை இல்லாத நேரங்களில் வாக்கி டாக்கியில் பாடம் தொடர்ந்தது. உருளைக்கிழங்கைக் கைவிட முடியாதவர்கள் முதுகெலும்பு இல்லாதவர்கள் என்பது அவருடைய முடிந்த முடிபு.

அந்த முதுகெலும்பு தங்கை வீட்டில் பன்னிரண்டு நாள் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் தங்கை கேக் வெட்டி நீட்டியபோது, ஏதோ கரப்பான்பூச்சியை நீட்டியதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள், தங்கை மனம் நோகலாகாது என்று ஒரு துண்டு தின்றார். மூன்றாம் நாள் தங்கை ஒன்றும் கேட்கவில்லை. இவரே எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். ஆறாம் நாள் மச்சான் சமையலறைக்குள் நுழைந்தபோது, மருமக்கள் தின்னாமல் ஒதுக்கிய ரொட்டி ஓரங்களை நின்றவாக்கிலேயே பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். மச்சான் நாகரிகம் உள்ளவர். தண்ணீர் குடிக்க வந்தவர்போல் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

குளியலறையை விட்டு வெளியே வந்த கிரேன்காரர், கால்சட்டை இடுப்பில் ஏற மறுப்பதாகவும், சலவையில் சுருங்கியிருக்க வேண்டும் என்றும் மனைவியிடம் கூறினார். அந்த அம்மாள் பள்ளிச் சீருடை தைப்பவர். கணவர் எடை குறைந்தபோது கால்சட்டைகளைப் பிடித்துத் தைத்தவரும் அவரே. கால்சட்டையை வாங்கி உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். நான்கு அங்குலத் துணி வெட்டுப்படாமல் மடிப்புக்குள் அப்படியே இருந்தது.

"வெட்டிடலாம்னுதான் கத்திரிய எடுத்தேன். அப்புறம் ஆளு யாருன்னு யோசிச்சேன். பிரிச்சு விடவா?"

வேண்டா என்றார். மூச்சை உள்ளே இழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மூன்று நாள் முட்டையும் இறைச்சியும் வெள்ளரிக்காயுமே உணவாயின. முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் கால்குடைச்சல். மூன்றாம் நாள் உலகத்தின்மேலேயே கோபம். கூண்டின் கண்ணாடி வழியே பார்த்தால் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் எதையோ மென்றுகொண்டு போவதாகத் தோன்றிற்று. பானை வழக்கம்போல் நலம் விசாரித்ததற்கு, வேலையைப் பார்க்கும்படி பதில் வந்தது. எடை குறையத்தான் செய்தது. ஆனால் ஏறிய வேகத்தில் இறங்கவில்லை. வியாழன் காலையில் வீட்டுத் தராசு தொண்ணூற்றேழரை காட்டிற்று. நான்கைக் கூட்டும் கணக்கு அவருக்குத் தெரியாததன்று. சாவிக்கொத்தையும் பணப்பையையும் வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட்டார். தலைமுடியை வெட்டிக்கொண்டால் எவ்வளவு குறையும் என்றுகூட வழியில் எண்ணினார்.

சிமெண்டு மூட்டை நிறுக்கும் பழைய மேடைத் தராசு கிடங்கின் சுவரோரம் இருந்தது. அதிகாரி முள்ளுக்கு நேரே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். கருவிப்பைகளை எடுத்துக் கொடுப்பதற்காகப் பானை மேடைக்குப் பின்னால் நின்றார். கிரேன்காரர் ஏறினார். முள் நூறைக் கடந்து ஒன்றரைக் கோட்டில் நின்றது. நின்ற முள் பிறகு மெல்ல நடுங்கி, பின்னோக்கி வந்து, தொண்ணூற்றொன்பதரையில் அடங்கிற்று.

மேடையின் பின் விளிம்பு தம் குதிகாலுக்குக் கீழே ஒரு நூலளவு எழும்பியதைக் கிரேன்காரர் உணர்ந்தார். வாழ்நாளெல்லாம் கூண்டில் சுமைமானியின் முள்ளைப் பார்த்தே வாழ்ந்தவர் அவர். கிடங்குக்காரர்கள் மூட்டையைக் குறைத்துக் காட்டுவதற்குச் செய்யும் பழைய வேலை அது. பூட்ஸ் முனையை விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்புவது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிகாரி, தேறினார் என்று தலையசைத்தார். கிரேன்காரர் இறங்கி, பின்னால் திரும்பிப் பார்க்காமலே ஏணியை நோக்கி நடந்தார்.

அன்று காலை முழுவதும் அவர் காத்திருந்தார். ஒரு குத்தல், ஒரு கனைப்பு, ஏதேனும் ஒன்று வாக்கி டாக்கியில் வரும் என்று எதிர்பார்த்தார். இடப்பக்கம் திருப்புங்கள், மெதுவாக இறக்குங்கள், போதும் என்பவற்றைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அதுதான் அவரை அரித்தது. கம்பிக்கட்டுகளையும் கான்கிரீட் வாளிகளையும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாரே தவிர, தாம் அமர்ந்திருப்பது இருபது மாடி உயரத்திலன்று, பானையின் கால் கட்டைவிரலின்மேல் என்ற எண்ணம் நொடிக்கு நொடி வளர்ந்தது. பெயர் வைத்தவர் இவர். பாடம் நடத்தியவர் இவர். அந்த ஆள் இவரைப் பார்த்து இரக்கப்படுவதா?

பகலுணவுக்கு ஒருநாளும் இறங்காதவர் அன்று இறங்கினார். பானை பலகையடுக்கின்மேல் அமர்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குய்யா அந்த வேலை செஞ்ச?"

"எந்த வேலைண்ணே?"

"தெரியாத மாதிரி நடிக்காத. பூட்ஸ உள்ள விட்டியே."

பானை ஒரு வாய் மென்று விழுங்கினார்.

"நீங்க கீழ வந்தா எங்க நிப்பீங்க? என் பக்கத்துல. ஏழு வாரம் கேட்டேண்ணே. சோத்துக்கையோட பாடம் கேட்டேன். மேல இருந்தா வாக்கி டாக்கியையாவது அணைச்சு வச்சுக்கலாம். கிட்ட நிக்கிற ஆள எதை வச்சு அணைக்கிறது?"

கிரேன்காரருக்கு முகம் சிவந்தது. இரக்கத்தைக்கூட எப்படியாவது செரித்துக்கொண்டிருப்பார். பானை அவரைத் தூக்கி நிறுத்தியது, குப்பைத்தொட்டியை வாசலுக்கு வெளியே நகர்த்துவதுபோல. அவ்வளவே.

அவர் நேராக அதிகாரியின் அறைக்குப் போய், தம்மை மீண்டும் நிறுக்க வேண்டும் என்றார். அதிகாரி உண்டுகொண்டிருந்தார். காலையில்தான் தேறியாயிற்றே, பசிமயக்கமா என்று கேட்டார். நிறுத்துத்தான் ஆக வேண்டும் என்று இவர் நின்றதனால், வாயைத் துடைத்துக்கொண்டு எரிச்சலோடு எழுந்து வந்தார். இம்முறை மேடைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. முள் நூற்றொன்றரைக்குப் போய் அசையாமல் நின்றது.

அதிகாரி முள்ளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், பிறகு மேடையைச் சுற்றி வந்து அதன் விளிம்பைக் குனிந்து பார்த்தார். அந்தத் தராசில் சிமெண்டு குறைவதைப் பற்றி அவருக்கு முன்பே ஐயம் இருந்தது. காலையில் பின்னால் நின்றவர் யார் என்று நினைவுகூர அவருக்கு அதிக நேரம் ஆகியிராது. கிரேன்காரருக்கு எப்படியும் ஒரு மாதம் தரைதான். உண்மையைக் கண்டுபிடித்தால் பானைக்கு வேலையே இல்லை.

"காலையில தொண்ணூத்தொம்பதரை. இப்ப எப்படி இது?"

கிரேன்காரர் மேடையின்மேலேயே நின்றார். வெளியே வாசலில் நாலைந்து தொழிலாளிகள் வந்து கூடியிருந்தனர். பொட்டலமும் கையுமாகப் பானையும் அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

"சாப்பிட்டேன்," என்றார் கிரேன்காரர்.

"ரெண்டு கிலோவா?"

"ரொட்டி. ரெண்டு முழு ரொட்டி. நாலு நாளா அடக்கி வச்சிருந்தேன், முடியல. அப்புறம் விக்கிச்சு. தண்ணி குடிச்சேன். பெரிய பாட்டில்."

வாசலில் ஒருவன் சிரிப்பை அடக்க முயன்று இருமினான். அதிகாரி அவரை மேலும் கீழுமாக அளந்தார். விளிம்பை மறந்தே போனார்.

"நாலு மாசமா இந்த இடத்துல ஒருத்தன நிம்மதியா சாப்பிட விட்டிருக்கீங்களா? அரை மணி நேரத்துல ரெண்டு ரொட்டி. நீங்க மனுஷனா, குப்பை லாரியா? இறங்குங்க. மாற்றாள வரச்சொல்றேன்."

மாற்று ஓட்டுநர் பதினைந்து நிமிடத்தில் வந்தார். வந்தவர் முதற்காரியமாக, இருக்கையின் உயரத்தைத் தம் காலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஏணியில் ஏறினார். கிரேன்காரர் பெல்ட்டைக் கழற்றிக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுப் பலகையடுக்கின் அருகில் வந்து நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவரைப் பார்த்தனர். சிலர் வயிற்றையும் பார்த்தனர்.

பானை மீண்டும் பலகையடுக்கின்மேல் வந்து உட்கார்ந்தார். பிறகு, தம் பொட்டலத்தில் எஞ்சியிருந்த பாதி ரொட்டியை இருவருக்கும் நடுவில் பலகையின்மேல் வைத்தார். வெண்ணெய் தடவிய ரொட்டி. ஓரங்கள் முறுகச் சிவந்திருந்தன.

"எப்படியும் தின்னதா ஆயிடுச்சு. இதையும் தின்னுடுங்கண்ணே. யாரு எண்ணப் போறா?"

இதில் ஏளனம் எவ்வளவு, நன்றி எவ்வளவு என்பதைப் பானையே பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார். கிரேன்காரர் ரொட்டியைப் பார்த்தார். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை முன்கூட்டியே கிடைத்துவிட்டது. இப்போது செய்தால் அது இலவசம். தின்றாலும் இதே பெயர்தான், தின்னாவிட்டாலும் இதே பெயர்தான். நான்கு மாதத்தில் எந்த ரொட்டியும் இவ்வளவு அருகில் வந்து இவ்வளவு நியாயம் பேசியதில்லை.

மாவுச்சத்தைப் பற்றி ஒரு வாக்கியம் அவருடைய தொண்டை வரையில் வந்தது. பானை அதற்காகவே காத்திருந்தவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கிரேன்காரர் அதை விழுங்கினார். ரொட்டியைப் பானையின் பக்கமாகத் தள்ளிவிட்டு, தம் உணவு டப்பாவைத் திறந்து, பச்சை வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்தார். வாக்கி டாக்கியில் மேலிருந்து குரல் வந்தது: கம்பிக்கட்டு தயாரா, யாராவது கையைக் காட்டுங்கள். பானையின் வாயில் ரொட்டி இருந்தது. கிரேன்காரர் மென்றபடியே முன்னால் போய்க் கையைக் காட்டினார்.